பொங்கலன்று கொடுத்த திறப்பு

எனக்கு எண்பத்தேழு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கச்சி விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஆறு பேருக்கும் சோறு போட்டது என்னுடைய கால்தான். வவுனியாவில் ஒரு புரொக்டர் ஐயாவிடம், அந்தக் காலத்துச் சட்டத்தரணியிடம், இருந்துகொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வாடகை நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஓமந்தை, புளியங்குளம், சில வேளை மாங்குளம் வரைக்கும் போயிருக்கிறேன். அந்த நாளில் இந்த வேலை செய்த பொம்பிளை இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு ஆரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் பேர்த்தி துளசி இப்போது ஒரு சட்டத்தரணியிடம் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு வாடகை வழக்கு, நோட்டீஸில் பிழை என்று தள்ளுபடியாகிவிட்டதாம். பதிவுத் தபாலில் போன நோட்டீஸ். அவளோடு வேலை செய்கிற பிள்ளைகள், "உங்கடை அம்மம்மா காலத்தில இதெல்லாம் எப்பிடி நடந்தது எண்டு கேட்டு எழுதிக்கொண்டு வாரும்" என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், பஸ்ஸின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அதற்கு மேல் இல்லை. ஆகவே நான் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுவில் அவசரப்படுத்தக் கூடாது என்று முதலே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வவுனியா றெயில் ஸ்ரேசனில் மூட்டை ஏற்றினவர். ஒரு மாரிக் காய்ச்சலில் போய்விட்டார். நான் புரொக்டர் ஐயா வீட்டுக் குசினிக்கு வேலைக்குப் போனேன். அவருடைய ஒபிஸ் வீட்டின் முன் அறைதான். ஒரு மேசை, இரண்டு அலுமாரி, வருகிற ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு. சமைத்தபடியே முன் அறைக் கதையெல்லாம் என் காதில் விழும். இரண்டு வருஷம் போல அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி விளங்கிப்போயிற்று. அதைத்தான் இப்போது பயிற்சி என்கிறார்கள்.

நோட்டீஸ் கொண்டு போவது முதலில் பியோன் செல்லையாண்ணையின் வேலை. அவர் நல்ல மனிதர். ஆனால் ஆம்பிளை. பகலில் போனால் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். தெரியாத ஆம்பிளை வாசலில் நின்று கூப்பிட்டால் ஆர் வெளியே வருவார்கள்? "அவர் இல்லை, பேந்து வாங்கோ" என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வரும். தபாலில் அனுப்பினால், வாங்க மாட்டோம் என்று திருப்பி விடுவார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று தரம் போய்த் திரும்பி வந்த அண்ணை, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, "ஐயா, அந்த வீட்டு நாய்க்கு இப்ப என்னை நல்லாத் தெரியும். பொம்பிளைக்குத்தான் இன்னும் தெரியேல்லை" என்றார்.

ஐயா குசினிப் பக்கம் திரும்பி, "பூரணம், நீர் ஒருக்கால் போய்ப் பாரும்" என்றார்.

நான் போனேன். பின் பக்கத்தால் போய், "தங்கச்சி" என்று கூப்பிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். சுளகை வைத்துவிட்டு எழும்பி வந்து, கையை நீட்டி வாங்கினாள். அன்றைக்கே என் வேலை மாறிவிட்டது.

ஐயாவின் பழக்கவழக்கத்தைச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல முடியாது. மெலிந்த மனிதர். குரலை உயர்த்த மாட்டார். "ஏறக்குறைய" என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. வீட்டில் பெனியனோடுதான் இருப்பார், கட்சிக்காரர் வந்தால் மட்டும் ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டை எடுத்துப் போடுவார். நான் முதல் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்து சொல்லத் தொடங்க, எழும்பிப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"என்னட்டைக் கதை கேட்க ஏன் ஐயா கோட்?"

"சமைக்கேக்க நீர் பூரணம். நோட்டீஸ் குடுத்திட்டு வந்தால் நீர் சாட்சி. சொல்லும். அவ சொன்னதை அவ சொன்ன மாதிரியே சொல்லும். உம்மடை கருத்து வேண்டாம்."

அதன் பிறகு எத்தனை வருஷம் போனாலும், நான் திரும்பி வந்து சொல்லும்போது அந்தக் கோட் அவர் மேலில் இருக்கும். வெக்கையில் வேர்த்து வழிந்தாலும் கழற்ற மாட்டார்.

நோட்டீஸ் இங்கிலீசில் இருக்கும். அதில் உள்ளதை எனக்குத் தமிழில் சொல்லிப் பாடமாக்க வைப்பார். வீட்டுச் சொந்தக்காரர் ஆர், எந்த வீடு, ஏன் எழும்பச் சொல்கிறார், எந்த நாளைக்குள். இந்த நாலையும் நான் வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். நோட்டீஸ் குடியிருக்கிறவரின் கையில் போக வேண்டும். பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டில் கொடுக்கக் கூடாது. வாங்க மறுத்தால் அவர் கண்ணுக்கு முன்னால் வைத்து, "இஞ்சை வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். தண்ணீர் தந்தால் குடிக்கலாம், தேத்தண்ணி குடிக்கக் கூடாது.

"அதென்ன ஐயா, தண்ணிக்கும் தேத்தண்ணிக்கும் வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"தண்ணி நிண்டு குடிப்பீர். தேத்தண்ணிக்குக் குந்தியிருப்பீர். இருந்தால் கதைப்பீர். கதைச்சால், 'பயப்பிடாதையுங்கோ, ஐயா ஒண்டும் செய்யார்' எண்டு சொல்லிப்போடுவீர். பேந்து கோட்டில, நீதிபதிக்கு முன்னால, அவை அதைச் சொல்லுவினம்."

சட்டத்தையும் அவர் எனக்கு விளங்கும்படி சொல்லித் தந்தார். அப்போது வாடகைச் சட்டம் ஒன்று வந்திருந்தது. வீடு என்னுடையது, எழும்பு என்று நினைத்தபடி சொல்ல முடியாது. காரணம் வேண்டும். வாடகை நிலுவை என்பது ஒரு காரணம், ஆனால் கொடுக்க வேண்டிய நாள் கழிந்து ஒரு மாதம் போனால்தான் அது நிலுவை. அதோடு நோட்டீஸில் முழு மாதத் தவணை இருக்க வேண்டும். அந்தத் தவணையும் வாடகை மாதம் முடிகிற நாளில் முடிய வேண்டும். நடு மாதத்தில் ஒருவரையும் எழுப்ப முடியாது. "நோட்டீஸ் சாகிறதெண்டால் திகதியிலதான் சாகும், பூரணம்" என்பார்.

ஆட்கள் எனக்கு "நோட்டீஸ் அக்கா" என்று பெயர் வைத்தார்கள். சிலர் "சனியன் சீலை உடுத்து வருகுது" என்றும் சொன்னார்கள். எனக்குக் கேட்கத்தான் சொல்வார்கள். ஒரு கலியாண வீட்டில் என்னைக் கண்டதும் பந்தியில் இருந்த ஒருவர் இலையை விட்டு எழும்பிப் பின் பக்கத்தால் போய்விட்டார். நானும் சாப்பிடத்தான் வந்திருக்கிறேன் என்று ஆள் அனுப்பிச் சொல்லித்தான் அவரைத் திருப்பி அழைத்து வந்தார்கள்.

ஓமந்தையில் ஒருவர் என்னைக் கண்டதும் குளத்தில் இறங்கிவிட்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, "நான் குளிக்கிறன்" என்றார்.

"ஆறுதலாக் குளியுங்கோ அண்ணை. எனக்குப் பின்னேர பஸ்தான்" என்று சொல்லி நான் குளக்கட்டில் இருந்தேன்.

அவர் அந்தக் கரைக்குப் பார்த்தார், இந்தக் கரைக்குப் பார்த்தார். மாடு கழுவ வந்த பெடியன்கள், "அண்ணைக்கு இண்டைக்குச் செதில் முளைக்கப் போகுது" என்று சிரித்தார்கள். கடைசியில் விரலெல்லாம் சுருங்கிக் குளிரில் நடுங்கியபடி ஏறி வந்து வாங்கினார். புளியங்குளத்தில் ஒருத்தி நோட்டீஸை வாங்கினபடியே அடுப்பில் போட்டாள். நான் அழாத குறையாக வந்து சொன்னேன். ஐயா சந்தோஷப்பட்டார். "கையில வாங்கித்தானே அடுப்பில போட்டவ? அப்ப கிடைச்சிட்டுது."

இப்படி எல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். பிலோமினாவின் நோட்டீஸை அப்படிச் சொல்ல முடியாது.

பிலோமினா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். புருஷன் அந்தோனி அங்கே கடலுக்குப் போகிறவர். அவள் வவுனியாக் கடைத்தெருவில் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து, அவர் அனுப்புகிற கருவாட்டை விற்றாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில்தான் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் குடியிருந்தார்கள்.

கடை சின்னத்தம்பியருடையது. ஓமந்தையில் வயல் உள்ளவர், வவுனியாவில் நாலைந்து கடையறை உள்ளவர். பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர்கூட வெட்ட மாட்டார். கண்ணில் பூ விழுந்த பிறகு, வாடகைக் கணக்கெல்லாம் அவருடைய மருமகன் இராசரத்தினத்தின் கைக்குப் போய்விட்டது. இராசரத்தினம் படித்தவர், ஒரு கந்தோரில் கிளாக்கர். அவருக்கு அந்தக் கடையறையில் தன் தமையனை ஒரு சைக்கிள் கடை போட வைக்க விருப்பம். மாரியில் கருவாடு காயாது. கடலும் கொந்தளிப்பு. அந்த வருஷம் பிலோமினாவின் வாடகை பிந்திவிட்டது. இராசரத்தினம் உடனே ஐயாவிடம் வந்தார். நவம்பர் முதலாம் திகதி கட்ட வேண்டிய வாடகை வரவில்லை, டிசம்பரும் முடியப் போகிறது, ஜனவரி முப்பத்தோராம் திகதிக்குள் எழும்ப வேண்டும் என்று நோட்டீஸ் எழுதச் சொன்னார். ஐயா எழுதினார். டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் கழிந்து இரண்டொரு நாளில் நான் கொண்டு போனேன்.

கடை வாசலில் கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் வைக்கோலால் ஒரு பாலன் குடில் கட்டியிருந்தாள். மாட்டுப் பொம்மைக்குப் பதிலாகப் பிள்ளைகள் களிமண்ணில் ஏதோ செய்து வைத்திருந்தார்கள். பன்றியைப் போல இருந்தது. நான் நாலு விஷயத்தையும் சொன்னேன். அவள் நோட்டீஸை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னக்கா இது? நிலுவையோ? மார்கழி இப்பத்தானே பிறந்தது. கார்த்திகை வாடகை ஒண்டுதான் நிக்குது. பொங்கலுக்குள்ள கட்டிப்போடுவன் எண்டு சொல்லுங்கோ. பெரியவர் கடைப் பூட்டுத் திறப்புத் தந்தது பொங்கலண்டு, அண்டையில இருந்து மாதம் பிறக்கப் பிறக்கத்தான் நான் கட்டி வாறன்."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் கொண்டு வாறவ மட்டும்தான்."

"தேத்தண்ணி குடிக்கிறியளே அக்கா?"

"தண்ணி போதும்."

திரும்பி வந்து, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். ஐயா கோட்டோடு இருந்து கேட்டார். பொங்கல் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டினார்.

"திருப்பிச் சொல்லும்."

திருப்பிச் சொன்னேன். அவர் எழும்பினார். சுவரில் தொங்கிய கலண்டரைப் போய்ப் பார்த்தார். விரலை வைத்துத் திகதிகளை எண்ணினார். கோட்டைக் கழற்றாமலே சாப்பிட வந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அதிசயமாக இருந்தது. ஒரு கருவாட்டுக்காரி பொங்கலைப் பற்றிச் சொன்னதில் என்ன இருக்கிறது?

அடுத்த நாள் இராசரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் குசினி வாசலில் நின்று தேங்காய் திருவிக்கொண்டு கேட்டேன்.

"உம்மடை மாமா கடையை இங்கிலீசு மாதத்தில குடுத்தவரோ, தமிழ் மாதத்தில குடுத்தவரோ?"

"மாதம் எண்டால் மாதம்தானே ஐயா."

"இல்லைத் தம்பி. தமிழ் மாதம் எண்டால் வாடகை மாதம் பொங்கலுக்கு முதல் நாள் முடியுது. நான் எழுதின திகதி நடு மாதத்தில விழுது. நிலுவைக் கணக்கும் பிழைக்குது. கார்த்திகை வாடகை மார்கழி பிறந்தாப் பிறகுதான் குடுக்கிறது. அதுக்கு ஒரு மாதம் இன்னும் போகேல்லை. பொங்கலுக்குள்ள அவ கட்டினால் வழக்கே இல்லை."

இராசரத்தினம் சிரித்தார். "றசீது நான்தான் எழுதிறனான். எல்லாத்திலயும் இங்கிலீசு மாதம்தான். வேறை எழுத்து ஒண்டும் இல்லை. கருவாட்டுக்காரியின்ரை வாய்ச் சொல் கோட்டில எடுபடுமோ? அவ கட்ட வந்தால் நான் வாங்கமாட்டன்."

"நோட்டீஸை விட்டிட்டுப் புதுசா ஒண்டு குடுப்பம். அதுதான் என்ரை புத்திமதி."

"இதையே வைச்சு வழக்கைப் போடுங்கோ ஐயா. உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ."

ஐயா அலுமாரியில் இருந்த இராசரத்தினத்தின் மற்ற வழக்குக் கட்டுகளைப் பார்த்தார். பிறகு, "போடுவம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பொங்கல் கதை விளங்கியது. தமிழ் மாதம் என்று தெரிந்தால் பிலோமினா இருக்கலாம். தெரியாவிட்டால் தெரு. அவள் என்னிடம் சொன்னது, நான் ஐயாவிடம் சொன்னது, அதற்கு மேல் அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

பொங்கலன்று அவள் வாடகையை மடியில் கட்டிக்கொண்டு ஓமந்தையில் சின்னத்தம்பியர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இராசரத்தினம் வாசல் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையில் என்னைக் கண்டபோது சொன்னாள். நான் அவளோடு நின்று கதைக்கக் கூடாது, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எழுப்பினால் நான் திரும்பிக் கடற்கரை வாடிக் குடிசைக்குத்தான் போகவேணும். மாரியில அங்கை கிடுகுக் கூரை நிக்காது. மூத்தவளை இஞ்சை பள்ளிக்கூடத்தில இப்பத்தான் சேர்த்தனான். அவளுக்கு வாசிக்க நல்ல விருப்பம்."

நான் கையை விடுவித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பின்னேரம் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போய் வைத்துவிட்டு நின்றேன்.

"கோட்டில என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது ஐயா?"

"என்னட்டை என்ன சொன்னீரோ, அதுதான்."

"கேளாட்டி?"

"கேளாததுக்குச் சாட்சி வாய் திறக்கிறதில்லை. கதிரையில இருக்கிற நீதிபதி கேட்பார், நாங்கள் கேட்பம். சாட்சிக் கூட்டில நிக்கிறவ பதில் மட்டும்."

வழக்கு நாள் வந்தது. சின்னத்தம்பியர் வர வேண்டிய பஸ் பிந்திவிட்டதால், என்னை முதலில் கூப்பிட்டார்கள். நீதிமன்றத்தில் எல்லாம் இங்கிலீசில் நடக்கும், முதலியார் ஒருவர் தமிழில் மாற்றிச் சொல்வார். நான் சத்தியம் பண்ணினேன். ஐயா கேட்டதற்குச் சொன்னேன். கையில் கொடுத்தேன், நாலு விஷயத்தையும் சொன்னேன், அவள் வாங்கினாள்.

பிலோமினாவுக்கு ஒரு இளம் புரொக்டர் வந்திருந்தார். அவளுக்கு மாதக் கணக்கு ஒரு முக்கியமான விஷயம் என்றே தெரியவில்லை. வாடகை கொண்டு போனேன், வாங்கவில்லை என்பதை மட்டும்தான் அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறாள். அவரும் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைக் கேட்டதெல்லாம், இவவுக்கு இங்கிலீசு தெரியுமா, கடையில் அந்த நேரம் ஆட்கள் நின்றார்களா, நோட்டீஸை எந்தக் கையால் வாங்கினா என்பதுதான்.

அவ உமக்கு என்ன சொன்னா என்று கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிலோமினா முன் வாங்கில் இருந்தாள். சின்னவள் அவள் மடியில் நித்திரை. இளம் புரொக்டர் கடதாசியைப் பிரட்டினார், "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கம்மா" என்றார் முதலியார்.

நான் இறங்கவில்லை. ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனைக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். வாயில் முள் சிக்கின மாதிரி, பொங்கல் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பாரமாக ஒன்றையும் சுமக்கவில்லை. சாட்சி வழக்கு நடத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை மடியில் நித்திரை கொண்டதும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு சின்னத்தம்பியர் வந்தார். வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி. இராசரத்தினம் அவரைக் கையில் பிடித்துக் கூட்டுக்குக் கொண்டு வந்து விட்டார். கேட்டதற்கு ஓம், இல்லை மட்டும் சொல்லுங்கோ மாமா என்று அவர் காதுக்குள் சொல்வது வாங்கில் இருந்த எனக்குக் கேட்டது.

ஐயா எழும்பினார். கடை உங்களுடையதா, இவவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். "ஓம்," "ஓம்" என்றார் கிழவர். பிறகு ஐயா கேட்டார்.

"கடையை இவவுக்கு எந்த நாளில குடுத்தனீங்கள்?"

சின்னத்தம்பியர் நிமிர்ந்தார். அவ்வளவு நேரமும் கூனி நின்ற மனிதர்.

"தைப்பொங்கலண்டு. பொங்கிப் படைச்ச பிறகு, நல்ல நேரத்தில திறப்பைக் கையில குடுத்தனான். இவ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு நாளும் வேண்டாம் கோளும் வேண்டாம் எண்டு நிண்டவ. நான் விடேல்லை. என்ரை கடைக்குள்ள கெட்ட நாளில ஒருத்தரும் கால் வைக்கேலாது."

இராசரத்தினம் இருமினார்.

"அப்ப வாடகை எந்த மாதக் கணக்கு?" என்று நீதிபதியே கேட்டார். முதலியார் வாயெடுக்கும் முன் தமிழிலேயே கேட்டார்.

"தை முடிஞ்சு மாசி பிறந்தால் தை வாடகை. மாசி முடிஞ்சு பங்குனி பிறந்தால் மாசி வாடகை. பொங்கலுக்குத் தொடங்கினதை வேறை எந்தக் கணக்கில எண்ணுறது?"

இராசரத்தினம் இன்னும் பலமாக இருமினார். கிழவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி இருமல்? நான் பிழையாச் சொல்லுறனோ?"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழும்பியது. நீதிபதி மேசையில் தட்டி அடக்கிவிட்டு, இளம் புரொக்டரைப் பார்த்து, கேட்க ஏதும் உண்டா என்றார். அவர் இல்லை என்று சொல்ல எழும்பினவர், அப்படியே நின்றார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நோட்டீஸின் பிரதியைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஜனவரி முப்பத்தோராம் திகதி எந்தத் தமிழ் மாதம் முடியுது ஐயா?"

"அண்டைக்கு ஒரு மாதமும் முடியாது. அது தை நடு. பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதே உமக்கு?" என்றார் சின்னத்தம்பியர்.

வழக்கு தள்ளுபடி. நோட்டீஸ் வாடகை மாதம் முடிகிற நாளில் முடியவில்லை, நிலுவையும் அந்த நேரம் நிலுவையாகவில்லை என்று நீதிபதி சொன்னதை முதலியார் தமிழில் சொன்னார். பிலோமினா வெளியே வந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வெண்டதோ, தோத்ததோ?"

"கடைக்குப் போய்க் கதவைத் திற."

அவள் அதிலேயே விறாந்தையில் இருந்து அழத் தொடங்கினாள். சின்னத்தம்பியர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஆர் அழுகிறது என்று கேட்டார். அவள், பொங்கலன்று கொண்டு வந்த காசு இன்னும் மடியில்தான் இருக்கு அப்பு, இராசரத்தினம் தம்பி வாங்கேல்லை என்றாள். அது அவருக்குத் தெரியாது.

கிழவர் மருமகனைத் தேடிக் கண்ணைச் சுருக்கினார். "பொங்கலண்டு படலைக்கு வந்த காசையே திருப்பினது?" தடியால் தரையில் குத்தினார். வழக்குத் தோற்றதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கையை நீட்டி வாடகை முழுவதையும் அந்த விறாந்தையிலேயே வாங்கி மடியில் கட்டினார். "இனி என்னட்டை நேர கொண்டு வா பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஆரும் கையைப் பிடிக்க விடாமல் படி இறங்கினார். அவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் அந்தக் கடையில் கருவாடு மணந்தது. பிலோமினாவின் மூத்தவள் பிறகு ரீச்சராக வந்தாள்.

இராசரத்தினம் ஐயாவிடம் போனார். "அந்தக் கேள்வியை ஏன் ஐயா கேட்டனீங்கள்?"

"எப்ப குடுத்தது எண்டு கேளாமல் வாடகை வழக்கு நடத்தேலுமோ தம்பி? நான் கேளாட்டி நீதிபதி கேட்பார். உமக்கு முதலே சொன்னனான்."

இராசரத்தினம் தன் வழக்குக் கட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வேறு புரொக்டரிடம் போய்விட்டார். ஐயாவுக்கு அது நட்டம்தான்.

அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, தெரிஞ்சுதானோ அப்பிடிக் கேட்டனீங்கள்?"

அவர் எழும்பிப் போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து இருந்தார்.

"ரசம் இருக்கே, பூரணம்?"

அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வழக்கில் அவர் வீட்டுச் சொந்தக்காரரைக் கூட்டில் ஏற்றிக் கேட்டதைப் பின் வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். "எந்த வருஷம் குடுத்தனீங்கள்" என்றுதான் கேட்பார். அது போதும், வழக்கு ஓடும். அன்றைக்கு மட்டும் எந்த நாளில் என்று கேட்டார். தன் கட்சிக்காரரைக் கவிழ்க்கிற மனிதர் இல்லை அவர். கேட்க வேண்டியதைக் கேட்காமல் மறைக்கிற மனிதரும் இல்லை. இரண்டில் எது அந்தக் கேள்வியைக் கேட்டது என்று இவ்வளவு காலமாக யோசிக்கிறேன். நான் இறங்காமல் நின்றதை அவர் கண்டாரோ, மை நிரப்பும் சாட்டில் காணாத மாதிரி இருந்தாரோ, அதுவும் தெரியாது.

துளசி, பேனையை வை. எழுதினதை ஒருக்கால் வாசி பிள்ளை. முன்னுக்கு உள்ளதை நீ எப்படி வேண்டுமென்றாலும் வாசி. சின்னத்தம்பியரைக் கூட்டில் ஏற்றி ஐயா எழும்புகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி. அவர் என்ன நினைத்துக் கேட்டார் என்று இன்னொருக்கால் கேட்டுப் பார்ப்பம்.